பெரட்டில் நிற்காதவள்

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் படகில் ஒரு சடங்கு நடக்கும். கப்டன் ஒரு பிரம்புக் கூடையில் வெள்ளைத் துணி விரித்து, ஓரத்தில் காய்ந்த லாவண்டர் பூ ஒரு கொத்தைச் செருகி, மேல்தட்டு மேசையில் கொண்டுவந்து வைப்பார். ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து சேர்ந்த பன்னிரண்டு விருந்தாளிகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் போன்களை அணைத்து அதற்குள் போடுவார்கள். சிலர் போடுவதற்கு முன் ஒரு தடவை கன்னத்தில் ஒற்றிக்கொள்வார்கள். அழுத பெண்ணையும் பார்த்திருக்கிறேன். கடைசி ஆள் போட்டதும் எல்லோரும் கை தட்டுவார்கள். கப்டன் கூடையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, நான் மாவும் சீனியும் வைக்கிற அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். இனி அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் திறப்பார். யாராலும் கூப்பிட முடியாத இடத்தில் ஒரு கிழமை இருப்பதற்காக இந்த மனிதர்கள் ஒரு வருடத்துக்கு முன்பே இடம் பிடித்து வருகிறார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன். நான் பிறந்தது மடுல்கெல்லைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில். எங்கள் ஆறாம் நம்பர் மலையில் ஒரு பாறை இருக்கிறது. அதற்கு முன்னொரு காலத்தில் வேறு பெயர் இருந்திருக்கும், இப்போது அது சிக்னல் பாறை. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் காலில் உப்புத் துணி சுற்றிக்கொண்டு, அட்டைக்கடிக்குத் தப்பி அதில் ஏறி, குடைக்குக் கீழே உட்கார்ந்து பாடம் படித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகளோடு பேச வேண்டுமென்றால் மழையோ பனியோ அந்தப் பாறைக்குத்தான் போக வேண்டும். எங்களுக்குக் கிடைக்காத ஒன்றை வேண்டாமென்று கூடையில் போடுகிறவர்களுக்கு நான் மூன்று வேளை மீன் பொரித்துக் கொடுக்கிறேன். எங்கு போய்ச் சிரிப்பது?

என் பெயர் தெய்வானை. படகில் டயானா. முதல் நாளே கப்டன் ஆன்டே என் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு, டயானா என்று வைத்துவிட்டார். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, ஆகாததைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு கோடையாகக் குரோவேஷியாவில் ஸ்பிளிட் துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குப் போகிற இந்த மரப்படகில் சமையல்காரியாக இருக்கிறேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற மகாவலிதான். கண்டி வாவியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு சுற்றி வருமே, அதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை. ஏறுவதற்கு நானென்ன வெள்ளைக்காரியா என்று நினைத்திருந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் பதினொரு வருடம் ஒரு போன் கடையில் வேலை செய்தேன். முதலாளி அக்குறணைக்காரர். நல்ல மனிதர், அண்ணன் என்கிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவோம். சிம் போடுவது, ரீலோட் போடுவது, வாட்ஸ்அப் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் என் கைதான். மலையிலிருந்து இறங்கி வருகிற எங்கள் ஆட்களை நானா என் பக்கம்தான் அனுப்புவார். “தங்கச்சி, இவங்களுக்கு நீங்களே சொல்லிக் குடுங்க. நான் சொன்னா தலையாட்டிட்டுப் போய் நாளைக்கும் வருவாங்க” என்பார். நானும் சொல்லிக் கொடுப்பேன். ஒரு சரி அடையாளம் என்றால் செய்தி கிளம்பிவிட்டது, இரண்டு என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டும் நீலமானால் பார்த்துவிட்டார்கள், சின்னதாக ஒரு கடிகாரம் தெரிந்தால் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது, கடிகாரம் போகும்வரை போனை அணைக்காதீர்கள். எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா முப்பது வருடம் கங்காணி. தோட்டத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வேலை பெரட்டோடுதான் தொடங்கும். விடியற்காலையில் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கங்காணி பெயர் வாசிப்பார். நிற்கிறவர் குரல் கொடுத்தால் செக்ரோல் என்கிற வரவுப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை. பாதி நாளில் மலையை விட்டு இறங்கினால் அரைப் பேர். நிற்காதவருக்கு ஒன்றுமில்லை. வராத சொந்தக்காரனுக்கும் கூட்டாளிக்கும் பேர் போட்டுக் கொடுக்கிற கங்காணிகள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். அப்பா அப்படிச் செய்ததே இல்லை. ஒரு நாள் அம்மா காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போய், முடியாமல் மத்தியானம் திரும்பி வந்து படுத்துவிட்டாள். அப்பா அவளுக்கு அரைப் பேர்தான் போட்டார். அம்மா பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சியது. சொந்தப் பெண்சாதிக்கே அரைப் பேர் போட்ட மனுஷன் என்றால் சும்மாவா? பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைச் சொல்லி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காய்ச்சல் எனக்கில்லை, அம்மாவுக்குத்தானே. நேர்மை அடுத்தவர் மேல் விழும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் பெயர் வாசிக்காமல் அப்பாவுக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. நான்தான் அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, சிதறிக் கிடக்கிற குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் திறந்தேன். ‘எங்கள் குடும்பம்’ என்று நான் வைத்த பெயரை இரண்டாம் நாளே தம்பி சிவாவைக் கொண்டு ‘பெரட்டு’ என்று மாற்ற வைத்தார். காலை ஆறரைக்குச் சிக்னல் பாறையில் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் குரல் பதிவு அனுப்புவார். கொழும்பில் இருப்பவர், கட்டாரில் இருப்பவர், தூக்கக் கண்ணோடு பின்னாலேயே பாறைக்கு ஏறி வருகிற சிவா, எல்லோரும் ‘இருக்கேன்’ என்று குரல் அனுப்ப வேண்டும். எழுத்தில் போட்டால் செல்லாது. வர முடியாதென்றால் முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டும். நான் இங்கே வந்த பிறகு ஊரின் ஆறரை எனக்கு நடுச்சாமமாக இருந்தது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரட்டை ஒன்பதரைக்கு மாற்றினார். “எந்தத் தொரைக்காகவும் நான் பெரட்ட மாத்துனதில்ல, தெரிஞ்சுக்க” என்று அதையும் பெரட்டிலேயே அறிவித்தார். இங்கே அப்போது காலை ஆறு மணி. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நான் அதற்காகக் காத்திருப்பேன், சிக்னல் இல்லாத குடாவுக்குப் போகிற நாளென்றால் முந்திய நாளே லீவு சொல்லிவிடுவேன். ஒரு நாளில் என் முழுப் பெயரும் சொல்லப்படுகிற ஒரே நேரம் அது.

கஷ்டம் அங்கிருந்துதான் வந்தது. ஒரு காலையில் குசினி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். அப்பாவின் குரல் மலையில் நாலு ஏக்கருக்குக் கேட்கிற குரல். “தெய்வான!” என்று அவர் போட்ட சத்தத்தில், மேல்தட்டில் கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விருந்தாளி துள்ளி எழுந்துவிட்டாராம். குசினிக்குள் ஓர் ஆண் ஒரு பெண்ணை அதட்டுகிறான் என்று கப்டனிடம் முறையிட்டுவிட்டார். கப்டன் என்னைக் கூப்பிட்டு, யார் உன்னைத் திட்டியது என்று கேட்டார். திட்டவில்லை, அப்பா வரவு எடுக்கிறார் என்றேன்.

“உனக்கு என்ன வயது?”

“நாற்பத்தொன்று.”

“உன் அப்பா வரவு எடுக்கிறாரா? பள்ளிக்கூடம் மாதிரியா?”

“வேலைக்களம் மாதிரி.”

அவர் என் தோளில் தட்டினார். பாவம் என்று நினைத்துவிட்டார். இந்தக் கிழமையிலிருந்து வேலைக்காரர்களின் போனும் கூடைக்குள் போகட்டும், உனக்கும் ஒரு விடுதலையாக இருக்கும் என்றார். கடலில் ஆபத்தென்றால் அவரிடம் வானொலிக் கருவி இருக்கிறது, விருந்தாளிகளின் வீட்டார் அவசரத்துக்குக் கூப்பிட கம்பெனியில் ஓர் இலக்கம் இருக்கிறது. என் வீட்டாரிடம் அந்த இலக்கம் இல்லை, கேட்டு வாங்க எனக்கும் தோன்றவில்லை. சரி என்றேன். இந்த நாட்டுக்கு வந்து நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

எந்த நேரத்தில் சரி சொன்னேன் பாருங்கள். தோட்டத்தில் லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிக் கொடுக்கிற திட்டம் ஒன்று வந்திருந்தது. எங்கள் குடும்பத்துக்கும் ஒரு வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, சுற்றிக் கொஞ்சம் நிலம். வரைபடத்தைச் சிவா படமெடுத்து அனுப்பினான். “இந்தச் சின்ன ரூம் ஒனக்கு அக்கா, வந்தா இருக்க வேணாமா?” என்று விரல் வைத்துக் காட்டியிருந்தான். அந்த விரல் நகத்தையே நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியாது. ஓர் அதிகாரி வந்து வீட்டு ஆட்களின் பெயரைச் சரிபார்ப்பாராம். பெயர் பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான் வீட்டில் உரிமை. வெளியூரில் இருக்கிறவர்கள் வீடியோ அழைப்பில் முகம் காட்டினால் போதும். எப்போது வருவார் என்றுதான் தெரியவில்லை, இந்த மாதத்துக்குள் என்றார்கள். குடியுரிமைப் பட்டியலில் பெயர் ஏறுவதற்காக இரண்டு தலைமுறை காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த சனம் நாங்கள். ஒரு பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எனக்கு அந்த அறை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபரில் படகைக் கரையேற்றிவிடுவார்கள். அதன்பிறகு எனக்கு இங்கே கட்டில்கூட இல்லை, நான்கு பெண்களோடு ஓர் அறையில் ஒண்டிக்கொள்ள வேண்டும். என் வதிவிட அட்டையில் எழுதியிருக்கிற முகவரி கம்பெனியின் அலுவலகம். அங்கே இரவு தங்கினால் காவலாளி துரத்துவான். ஒரு நாள் இந்த வேலை முடியும். அன்றைக்கு நான் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும், அதைத் திறக்க யார் தயவும் வேண்டியிருக்கக் கூடாது. என் ஆசை இவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு, கூடை வருவதற்கு முன், குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். “அப்பா, ஒரு கிழம லீவு. படகுல போன வாங்கி வச்சிருவாங்க. வீட்டு ஐயா வந்தா அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திக் கேளுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்.” துறைமுகத்தில் அன்று ஐம்பது படகுகள், அத்தனை படகின் சனமும் ஒரே நேரத்தில் போனில். பதிவின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று இருந்தது. கப்டன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் பன்னிரண்டு விருந்தாளிகளும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்தேன். அவர் அணைத்துப் போட்டார். எல்லோரும் எனக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கை தட்டினார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. செய்தி போகவில்லை. அதற்குள் லாஸ்தோவோத் தீவைத் தாண்டி ஒரு குடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். விருந்தாளிகள் கேட்டு வந்த அமைதி அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை பொறுத்தேன். பிறகு கப்டனிடம் போய், போன் ஐந்து நிமிஷம் வேண்டும் என்றேன். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. பிறகு என்ன?

“என் பெயர் கூப்பிடுவார்கள். நான் பதில் சொல்ல வேண்டும்.”

அவர் யோசித்தார், யோசித்து, கனிவோடுதான் சொன்னார். “டயானா, ஒரு கிழமை பதில் சொல்லாவிட்டால் உன் பெயர் எங்கும் ஓடிவிடாது.” பிறகு கையால் கடலைக் காட்டி, “எப்படியும் இங்கே சிக்னல் நேமா” என்றார். இந்தப் பாஷையில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் நேமா. இல்லை என்று அர்த்தம். சந்தையில் தேங்காய் நேமா, கறிவேப்பிலை நேமா.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து தட்டு எடுக்கப் போனபோது, பேர்லின்காரி ஒருத்தி, பள்ளிக்கூட ஆசிரியை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக யாரும் தன்னைக் கூப்பிடவில்லை, பிறந்த பிறகு இப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை என்றாள். “உன் ஊரும் இப்படி அமைதியாகத்தானே இருக்கும்?” என்று கேட்டாள்.

“ஆமாம். அங்கேயும் சிக்னல் கிடைக்காது” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள்” என்றாள். மீன் முள் தட்டோடு நான் குசினிக்கு வந்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். அந்தத் தட்டை அவள் மடியில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் துறைமுகத்துக்குத் திரும்பியதும் கூடை திறந்தது. போனை உயிர்ப்பித்தேன். முதல் காரியமாக, ஒரு கிழமை உள்ளே கிடந்த என் சொந்தக் குரல் பதிவு கிளம்பிப் போனது. ‘வீட்டு ஐயா வந்தா அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திக் கேளுங்க.’ நாய் வீட்டைச் சுற்றி வந்து கள்ளன் போன பிறகு குரைக்குமே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் மற்றவை வந்து விழுந்தன. படகு கட்டுகிற இரும்புக் கட்டையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஞாயிறு, அப்பா: “தெய்வான!” திங்கள், அப்பா: “தெய்வான!” அன்றைக்கே சிவா: “அக்கா, புதன்கிழம பத்து மணிக்கு அந்த ஐயா வர்றாராம். போன கையிலயே வச்சிரு.” செவ்வாய், அப்பா இரண்டு தடவை. சிவா: “ஏன் அக்கா பாக்கல? படகுல ஏதும் பிரச்சினையா?” புதன்கிழமை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை பதினாறு தவறிய அழைப்புகள். பின்னேரம் சிவாவின் நீண்ட பதிவு ஒன்று.

லயத்துக்கு முன்னால் கதிரை போட்டு அதிகாரியை உட்கார வைத்தார்களாம். அவர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தாராம். வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ‘இருக்கேன்’ என்றார்களாம். என் பெயர் வந்தபோது, கிடைத்தால் அதிகாரியைப் பாறைக்கே கூட்டிப்போகலாம் என்று ஓடிப்போய் முயன்றுவிட்டு வந்த சிவா, கிடைக்கவில்லை என்றிருக்கிறான். அதிகாரி நல்ல மனிதர்தான். “பரவாயில்ல கங்காணி, வெளிநாட்டுல வேலைதானே. வீட்டு ஆள்தானே? நான் போட்டுக்கிறேன்” என்று பேனையைக் காகிதத்தில் வைத்துவிட்டாராம். அப்பா ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டாமல்கூட இருந்திருக்கலாம். அப்பா ஓரடி முன்னால் வந்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

“இல்லீங்கய்யா. நாலு நாளா பெரட்டுக்கு வரல, லீவும் சொல்லல. எங்க இருக்குன்னு தெரியாத ஆள இருக்குன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? நிக்கிற ஆளுக்கு மட்டும் பேர் போடுங்க.”

அதிகாரி இரண்டாம் தடவையும் கேட்டாராம். அப்பா இரண்டாம் தடவையும் இல்லை என்றாராம். அதிகாரி என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டார். பிறகு சேர்க்க வேண்டுமென்றால் இந்த மாதம் முடிவதற்குள் நான் நேரில் வந்து நிற்க வேண்டுமாம். ஒக்டோபருக்கு முன்னால் படகை விட்டுப் போனால் என் வேலை அனுமதி போய்விடும். திரும்பி வர வழியிருக்காது.

சிவாவின் பதிவில் கடைசியாக இன்னும் கொஞ்சம் இருந்தது. அவன் குரல் இறங்கிவிட்டது. “அக்கா, அப்பா மேல கோபிச்சுக்காத. நாலு நாளும் அந்த மனுஷன் காலையிலயும் பின்னேரமும் பாறையிலதான் நின்னாரு. வேற யாரு பேரையும் வாசிக்கல. ஒம் பேர மட்டும் வாசிச்சாரு. போன்ல மட்டுமில்ல, சும்மாவும், மலையப் பாத்து.”

அதைக் கேட்டு நான் அழுதேன். அழுதுவிட்டு, கோபம் குறைகிறதா என்று பார்த்தேன். குறையவில்லை. மலையைப் பார்த்து என் பெயரைக் கத்தத் தெரிந்த மனிதருக்கு, கதிரையில் உட்கார்ந்திருந்தவரிடம் அதை மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, பெரட்டுக்கு அரை மணிக்கு முன், அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஏன்ப்பா இல்லன்னு சொன்னீங்க?”

“நீ நிக்கலியே.”

“அது பெரட்டு இல்லப்பா. அது வீடு.”

“பேர் வாசிச்சா பெரட்டுதான்.”

“அந்த ஐயாவே போடுறேன்னு சொன்னாராமே!”

“ஆள் இல்லாம பேர் போட்டா அது களவு. ஒங்கம்மாவுக்கே நான் போடல.”

“அம்மா அதுக்காக ஒங்கள மன்னிச்சாளா?”

பாறைக் காற்றுக்கு நடுவே அடுத்து வந்த அவர் குரல் கங்காணிக் குரலாக இல்லை.

“நீ செத்துட்டேன்னு நெனச்சேன் புள்ள. செத்த ஆள் பேர பட்டியல்ல போட்டு, அது மேல வீடு வாங்குறதான்னு இருந்துச்சு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. “சரி. காரணம் சொல்லிட்ட. இன்னும் அரை மணில பெரட்டு. நில்லு.”

சொன்னபடி ஒன்பதரைக்குப் பெரட்டு தொடங்கியது. எப்போதும் கடைசியாக வருகிற என் பெயரை அன்று முதலாவதாக வாசித்தார். “தெய்வான!” கேட்டேன். கேட்டுவிட்டேன் என்று அவருக்கும் நீல நிறத்தில் தெரிந்திருக்கும். மற்றவர்கள் வரிசையாக ‘இருக்கேன்’ அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை. பழைய விருந்தாளிகளை வழியனுப்பினேன். பேர்லின் ஆசிரியை என்னைக் கட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்புவதாக என் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். மீன் சந்தைக்குப் போனேன், மரக்கறி கழுவினேன், புது விருந்தாளிகளுக்குப் பாண் சுட்டேன். இருக்கேன் என்று ஒரு சொல், ஆறு வருடமாகத் தினமும் சொன்ன சொல், அன்றைக்கு நாக்கில் ஏறவில்லை. எங்கே இருக்கிறேன்? அப்பா வைத்த பெயர் வாழ்கிற இடத்தில் எனக்குக் கதவில்லை. கதவுள்ள இந்தக் குசினியில் தெய்வானை என்று யாருமில்லை.

நான்கு மணிக்குக் கூடை வந்தது. வெள்ளைத் துணி, லாவண்டர், கை தட்டல். கப்டன் என் பக்கம் திரும்புவதற்கு முன் நான் குழுவில் இல்லாமல் அப்பாவின் இலக்கத்திலேயே ஒலிவாங்கியை அழுத்தி, அப்பாவின் மகளாக, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“ஆள் இல்லப்பா.”

இந்தத் தடவை கடிகாரம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சரி அடையாளம், இரண்டு, பிறகு இரண்டும் நீலம். ஊரில் இரவு ஏழரை. அந்த நேரத்தில் அப்பா பாறையில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். கப்டன் கையை நீட்டினார். நானே போட்டுவிடுகிறேன் என்று சொல்லி, போனை அணைக்காமல், சத்தத்தை மட்டும் நிறுத்தி, மற்றவர்களின் போன்களுக்கு அடியில் சொருகிவிட்டேன்.

படகு கிளம்பியது. நான் இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அந்த அலுமாரிக் கதவு காற்றுப் போவதற்காக இடைவெளி விட்டுச் சட்டமடித்த கதவு. துறைமுகத்தின் விளக்குத் தூண் பின்னால் போவதற்குள், உள்ளே பிரம்புக்கிடையில் ஒரு வெளிச்சம் வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. நிற்கிற ஆளுக்கு மட்டும் பேர் போடுகிறவர், ஆளே வாயைத் திறந்து ஆள் இல்லை என்று சொன்னால் என்ன போடுவார்? சாவி கப்டனின் கழுத்தில் இருந்தது. மூன்றாம் தடவை வெளிச்சம் வந்தபோது நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்து, ஒருவருக்கும் கேட்காமல், “இருக்கேன்ப்பா” என்றேன்.